சென்னைக் கடற்கரையில் ராத்திரி வேலை பார்க்கும் மாணவர் பட்டாளம்... தெரியுமா?

பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல்காரர், பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் பலகை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, அதே மணலில் ஒரு பட்டாளம் வேலைக்கு வருகிறது, தெரியுமா? சம்பளம் கிடையாது. சீருடை கிடையாது. மறுநாள் காலையில் சிலருக்குக் கல்லூரி இருக்கும், சிலருக்குத் தேர்வே இருக்கும். ஆனாலும் ஜனவரி பிறந்துவிட்டால், ஏப்ரல் வரைக்கும் இவர்கள் நடை நிற்பதில்லை. யாருக்காக இந்த நடை? கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைகளுக்காக! தோண்டத் தோண்ட இந்தக் கதையில் ஆச்சரியம்தான். படியுங்கள்!

இந்த நடைக்கு வயது ஐம்பதுக்கு மேல், தெரியுமா?

சென்னையில் ஆமை நடை 1970களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. தொடங்கி வைத்தவர்கள் பாம்புப் பண்ணைக்காரர்கள்! கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய ராமுலஸ் விட்டேகருக்கு அப்போது ஏறக்குறைய முப்பது வயதுதான். அவரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் இரவு இரவாகக் கரையோரம் நடந்து, நாயும் மனிதரும் தோண்டி எடுப்பதற்குள் ஆமை முட்டைகளைக் கண்டுபிடித்துப் பத்திரப்படுத்தினார்கள். கைப்பேசி இல்லை, செயற்கைக்கோள் வரைபடம் இல்லை. இந்தியக் கரையில் ஆமைகள் எங்கெங்கே முட்டையிடுகின்றன என்று உருப்படியான ஒரு பட்டியல்கூட இல்லாத காலம் அது!

ஆமைக்காக ஒரு மழைக்காலம் முழுக்கத் தனித்தீவில் இருந்தவரைத் தெரியுமா?

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸில் பொறியியல் படிக்க வந்தவர். கடைசியில் கடல் ஆமையிடம் போய்ச் சேர்ந்தார்! இந்தியக் கடற்கரையில் சுமார் 4,000 கிலோமீட்டரை, பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றி ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982இல் இன்னும் ஒரு படி மேலே போனார். லட்சத்தீவில் சுஹேலி என்ற ஆளில்லாத தீவு. பச்சை ஆமைகள் அங்கே முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழையில். அந்தச் சமயத்தில் கடல் கொந்தளிப்பதால் படகு போகாது. அதனால் மழைக்கு முன்பே போய் இறங்கி, மாதக்கணக்கில் தன்னந்தனியாகத் தங்கிவிட்டார்! தபால் எப்படி அனுப்புவது? மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு சீசாவில் அடைத்துக் கடலில் விட்டார். அது மிதந்து மிதந்து இலங்கைக் கரையை அடைய, கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதை உரிய விலாசத்துக்கு அனுப்பி வைத்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்! சதீஷ் பாஸ்கர் 2023இல் காலமானார்.

1988இல் இந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் யார், தெரியுமா?

பாம்புப் பண்ணைக்குப் பிறகு அரசுத் துறைகளும் சில ஆண்டுகள் சென்னையில் குஞ்சு பொரிப்பகம் நடத்தின. பிறகு அது நின்றுபோனது. ஆமைகளுக்கு அது தெரியுமா? அவை வழக்கம்போல வந்தன, முட்டையிட்டன. அப்போது, 1988 வாக்கில், ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று முன்வந்தது மாணவர்களின் கூட்டம் ஒன்று! அவர்கள் தொடங்கியதுதான் ‘மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு’. ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.எஸ்.டி.சி.என்.

தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். உலகமறிந்த ஆமை ஆய்வாளர். மற்றவர்களும் படிப்பு முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், ஊர் மாறினார்கள். ஆனால் நடை நின்றதா? அதுதான் இல்லை! ஒரு கூட்டம் படித்து முடித்துக் கிளம்பும்போது அடுத்த கூட்டம் வந்து குச்சியையும் பையையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை வந்தவர் பத்துப் பேரை இழுத்து வருகிறார். 1988இல் அந்த மணலில் நடந்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கும் வயதில் இருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இருட்டில் ஆமையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், தெரியுமா?

ஆமையைத் தேடுவதே இல்லை, தடத்தைத்தான் தேடுகிறார்கள்! நீலாங்கரையில் நடு இரவு வாக்கில் தொடங்கினால் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை அப்படியே திரும்பிக் கடலுக்குப் போய்விடும்.

சுமார் 40 கிலோ எடையுள்ள ஓர் உயிர், நீந்துவதற்கென்றே அமைந்த துடுப்புக் கால்களால் மணலில் தன்னை இழுத்துக்கொண்டு ஏறினால் தடம் விழாமல் இருக்குமா? பங்குனி ஆமை இடமும் வலமுமாகத் துடுப்பை மாற்றி மாற்றிப் போடும். பச்சை ஆமை இரண்டையும் ஒன்றாகப் போடும். ஆகவே தடத்தைப் பார்த்தே வந்துபோனது எந்த ஆமை என்று சொல்லிவிடலாம்! ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கே குச்சியை மெதுவாக ஊன்றிப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் நிற்கும் குச்சி, ஒரு இடத்தில் மட்டும் பொசுக்கென்று உள்ளே இறங்கும். அங்கேதான் முட்டை!

முட்டையிட்டதும் ஆமை கூட்டின்மேல் குதிக்கும், தெரியுமா?

பின்னங்கால்களாலேயே ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுகிறது தாய் ஆமை. வாய் குறுகி அடி அகன்ற குழி. தான் தோண்டுவதைத் திரும்பிப் பார்க்கக்கூட அதால் முடியாது. எல்லாம் கால்களின் தொடு உணர்வுதான்! நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலை மூடி, பிறகு தன் உடம்பையே இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணைத் திமிசு போடும். தப் தப் என்று அந்தச் சத்தம் கேட்கும். இந்தப் பழக்கம் பங்குனி ஆமைக்கும் அதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு ஆமைக்கும் மட்டுமே உரியது.

அப்போது அதன் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துப் பலர் உருகிப்போவதுண்டு. பிரசவ வேதனை இல்லை, ஐயா! குடித்த கடல்நீரின் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது அழுதுகொண்டேதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை!

முட்டையை எடுக்க நேரக் கெடு உண்டு, தெரியுமா?

பிங்பாங் பந்து அளவில், தோல் போல மெத்தென்று இருக்கும் அந்த முட்டைக்குள், இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும்! அதனால்தான் இந்த வேலைக்கு ராத்திரியே வேண்டும். ‘காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையாலேயே தோண்டி, ஒவ்வொன்றாக எண்ணி, கூட்டின் மணலோடு சேர்த்துப் பையில் வைக்கிறார்கள். குழியின் ஆழம் எவ்வளவு, வாய் எவ்வளவு என்று அளந்து குறிக்கிறார்கள். பொரிப்பகத்தில் அதே அளவுக்கு ஒரு குழி தோண்டி, தாய் வைத்தது போலவே வைத்து மூடித் தேதி எழுதிக் குச்சி நடுகிறார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு வரும். அந்தத் தேதி நெருங்கும்போது குழியின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டுக் காவல் இருப்பார்கள்!

ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது மணல், தெரியுமா?

நம்மைப் போல ஆமைக்கு அது கருவுறும்போதே எழுதிவைத்த கணக்கு இல்லை. முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் நடுக்கோடு. அதற்குக் கீழே போனால் ஆண் குஞ்சுகள் அதிகம். மேலே போனால் பெண் குஞ்சுகள் அதிகம்! ஜனவரியின் குளிர்ந்த மணலில் வைத்த முட்டைக்கும் ஏப்ரல் வெயிலில் வெந்த மணலில் இருக்கும் முட்டைக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். இன்னும் சூடேறினால் கருவே வெந்து போய்விடும். கோடை நெருங்கும்போது பொரிப்பகங்களில் நிழல் வலை கட்டுவது இதற்காகத்தான். பூமி சூடாகிறது என்று நாம் செய்தியில் படிக்கிறோம். இந்தப் பிள்ளைகள் அதை மணலுக்குள் தெர்மாமீட்டர் வைத்து அளக்கிறார்கள்!

மேலே வரக் குஞ்சுகள் கூட்டு சேரும், தெரியுமா?

ஒன்றரை அடி மணலுக்கு அடியில் பிறந்த ஒற்றைக் குஞ்சு தானாக மேலே வருவது மகா சிரமம். ஆகவே எல்லாம் ஒன்றாகக் கைகால் உதைக்கின்றன! மேலே இருக்கும் குஞ்சு கூரை மணலைச் சுரண்டும். அது கீழே விழும். கீழே இருப்பவை அதை மிதித்து ஒரு படி ஏறும். இப்படி இரண்டு மூன்று நாள் உழைத்து மேற்பரப்பை எட்டும். அப்போது மணல் சுட்டால் அப்படியே அசையாமல் நின்றுவிடும். மணல் குளிர்ந்தால் இரவு வந்துவிட்டது என்று பொருள். உடனே நூறு குஞ்சும் ஒரேயடியாகக் கிளம்பிவிடும்!

சரி, கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யார் சொன்னார்கள்? வெளிச்சம்தான்! இருண்ட கரையில் நிலப்பக்கத்தைவிடக் கடல்பக்க அடிவானம்தான் வெளுப்பாக இருக்கும். அதை நோக்கி ஓடு என்பது கோடானுகோடி இரவுகளின் பாடம். சென்னையிலோ பிரகாசமாக இருப்பது தெருவிளக்கும் ஓட்டல் பலகையும்! பாவம், குஞ்சுகள் நேராக ரோட்டுக்குப் போய்விடும். பொரிப்பகம் நடத்துவதற்கும், ‘கரையோர விளக்குகளை இரவில் அணையுங்கள்’ என்று தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் இதுதான் காரணம். குஞ்சுகளைக் கடலில் விடும்போதும் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. மணலில் அவையே நடந்து போக வேண்டும்!

விட்டவர் ஒருவர், வரவேற்பவர் வேறொருவர், தெரியுமா?

கடலில் இறங்கும் ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பிழைத்துப் பெரிதானால் பெரிய விஷயம் என்கிறார்கள். அந்த ஒன்று பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பெண்ணாக இருந்தால், பூமியின் காந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டு, தான் பிறந்த கரைப் பக்கத்துக்கே முட்டையிட வரும்! ஆண் ஆமையோ, கடலில் இறங்கிய பிறகு பொதுவாகக் கரையேறுவதே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் ஒரு குஞ்சை விட்ட மாணவிக்கு, அது திரும்பி வரும்போது முப்பது வயதை ஒட்டியிருக்கும். எங்கேயோ அலுவலகத்தில் இருப்பார். அந்த இரவில் தடத்தைப் பார்த்துக் குச்சி ஊன்றுபவர், அந்தக் குஞ்சு கடலுக்குப் போன ஆண்டில் சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்தவர்! தான் செய்த வேலையின் பலனைத் தானே பார்க்க முடியாது என்று தெரிந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் வருகிறார்களே, ஆமையைவிடப் பெரிய அதிசயம் இதுதான் இல்லையா?

03233 என்ற ஆமை போட்ட போடு தெரியுமா?

2021 மார்ச்சில் ஒடிசாக் கரையில் விஞ்ஞானிகள் ஒரு பங்குனி ஆமையின் துடுப்பில் 03233 என்ற எண் பொறித்த தகட்டைப் பொருத்தி விட்டார்கள். 2025 ஜனவரியில் அதே எண் அகப்பட்டது. எங்கே? இந்தியாவின் அந்தப் பக்கம், மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில்! வங்கக் கடலில் முட்டையிட்ட ஆமை, அரபிக் கடலில் கரையேறி நூற்றுக்கு மேல் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர். கிழக்குக் கரை ஆமை வேறு, மேற்குக் கரை ஆமை வேறு என்று நினைத்திருந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்!

ஆமைக்காக ஏவுகணையே காத்திருக்கும், தெரியுமா?

ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஒன்றிரண்டு இல்லை, லட்சக்கணக்கில் பங்குனி ஆமைகள் சில நாட்களுக்குள் ஒன்றாகக் கரையேறும். 2025இல் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம்! மணலில் கால் வைக்க இடம் இருக்காது. கஹிர்மாதாவுக்கு அருகிலேயே ஏவுகணைச் சோதனைத் தளம். முட்டையிடும் பருவமான ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே சோதனையை நிறுத்தி வைப்பதாக 2024 டிசம்பரில் முடிவானது!

ருஷிகுல்யாக் கரையைக் காப்பதில் முன்னால் நிற்பவர்கள் புருணபந்தா, கோகரகுடா, பொடம்பேட்டா போன்ற பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள். வெளிச்சத்தைப் பார்த்து ஊருக்குள் புகும் குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய்க் கடலோரம் விடுகிறார்கள்.

மீனவ இளைஞர்களே ஆமைக் காவலர்கள், தெரியுமா?

ஆமைப் பாதுகாப்பு என்றால் நகரத்துப் பிள்ளைகள் வேலை என்று எண்ண வேண்டாம். 2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ‘ட்ரீ ஃபவுண்டேஷன்’, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குப்பங்களின் மீனவ இளைஞர்களையே காவலர்களாக்கியது. கடலாமைப் பாதுகாவலர்கள் என்று அவர்களுக்குப் பெயர். வாடை எப்போது அடிக்கும், கொண்டல் எப்போது திரும்பும், இன்றிரவு அலை எப்படி என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வலையில் சிக்கி உயிரோடு இருக்கும் ஆமையை, வலையை அறுத்து விடுவிப்பதும் அவர்களே. வனத்துறையும் இப்படிப்பட்ட அமைப்புகளும் கைகோத்ததில், 2024 பருவத்தில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடலுக்குப் போன குஞ்சுகள் 2 லட்சத்தைத் தாண்டின!

கடலிலேயே வாழும் ஆமை நீரில் மூழ்கிச் சாகும், தெரியுமா?

கேட்கவே விநோதமாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஆமைக்கு இருப்பது செவுள் இல்லை, நுரையீரல். ஓய்வாக இருந்தால் நெடுநேரம் மூச்சடக்கும். இழுவை வலையில் சிக்கித் திமிறினால் சீக்கிரமே மூச்சு முட்டிவிடும். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரையையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின! நடைக்குப் போன இளைஞர்கள் அந்த இரவுகளில் முட்டையைவிடச் சடலங்களைத்தான் அதிகம் எண்ணினார்கள். அதுவும் அவர்கள் வேலைதான். ஒவ்வொன்றையும் அளந்து, இடத்தையும் தேதியையும் குறித்து வைக்கிறார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் இத்தனை சாவு நடந்ததற்குச் சாட்சியே இருக்காது.

வழி இல்லாமல் இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். ஆமைகள் அதிகம் நடமாடுவதும் அந்தக் கரையோர நீரில்தான். வலைக்குள் கம்பித் தட்டி பொருத்தி, இறால் உள்ளே போகவும் ஆமை வெளியே தப்பவும் வழிவிடும் சாதனமும் உண்டு. அது இல்லை என்பதற்காகவே, இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை 2019இல் அமெரிக்கா நிறுத்தியது! அந்தத் தட்டி வழியே மீனும் நழுவிப்போகுமே என்பது மீனவர் கவலை. அதைக் காதில் வாங்காமல் இந்தச் சிக்கல் தீராது.

மரம் நட்டாலும் ஆமைக்கு ஆபத்து வரலாம், தெரியுமா?

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் சவுக்கு நடும் வேகம் கூடியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அலையேறும் எல்லை வரைக்கும் சவுக்கு நட்டால் ஆமை எங்கே குழி தோண்டும்? வேர் தடுக்கும், சருகு மூடும். மணலைப் பிடித்து வைக்கக் கடற்கரைக்கென்றே அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருக்கின்றன. அவை மணல்மேட்டைக் கட்டிக் காக்கும். ஆமைக்கும் திறந்த மணலை விட்டுவைக்கும்.

இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரையிலேயே காட்டிக் கொடுப்பவர்களும் சென்னையில் உண்டு. இயற்கை எழுத்தாளர் யுவன் ஏவ்ஸ் நிறுவிய ‘பல்லுயிர்’ அறக்கட்டளையின் கரை நடையில், சிப்பியும் நண்டும் பாடப்புத்தகம் ஆகின்றன!  

நீங்களும் போகலாம், தெரியுமா?

பருவ காலத்தில், பெரும்பாலும் வார இறுதி இரவுகளில், பொதுமக்களையும் மாணவர்கள் ஆமை நடைக்கு அழைத்துப் போவது வழக்கம். முதலில் கொஞ்சம் பாடம், பிறகு நடை. டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். அடர்நிற உடை நல்லது. ஆமையைக் கண்டால் முன்னால் போய் நிற்காமல் பின்னாலேயே இருங்கள். நீங்களே முட்டையை எடுக்க முயலாதீர்கள். கடல் ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அனுமதியின்றி முட்டையை எடுப்பது குற்றம்!

ஆமை வராமலும் போகலாம். விடிய விடிய நடந்தும் ஒரு தடம்கூடக் காணாமல் திரும்புகிறவர்கள் உண்டு. முழங்கால் வலிக்கும், காலணி முழுக்க மணல் இருக்கும், தூக்கம் கண்ணைச் சொக்கும். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்கிறார்களே! கடற்கரையோரம் வீடு என்றால் உங்களுக்கு இன்னும் சுலபமான வேலை இருக்கிறது: ஜனவரியிலிருந்து குஞ்சு பொரித்து முடியும் மே வரை மொட்டை மாடி விளக்கை இரவில் அணைத்து வையுங்கள். மின்சாரக் கட்டணமும் மிச்சம்!